இல்லாத மஞ்சணத்தி அருவிக்கு வழி கேட்பவர்களுக்கும் என் மகனுக்கும்

நேற்று சாயங்காலம் தென்காசி ஸ்டேஷனில் உன்னைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு, "வெப்சைட் வேலைதாம்மா, ஒனக்குத் தெரிஞ்ச வேலைதான்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் மேலே கேட்கவில்லை. நீ சொல்லாமல் விட்டதை இன்று காலை லாட்ஜ் அண்ணாச்சி வந்து சொன்னார். நம் வீட்டுப் பின்சுவரை ஒட்டி மூன்று மாடி எழுப்பி வைத்திருக்கிறாரே, அவரேதான். நம் வாசலில் செருப்போடு நின்றுகொண்டு, "ஒம் மவன் சேந்திருக்க கம்பெனி எதுன்னு தெரியுமாட்டி? எனக்கு சைட்டு போட்டுத் தந்தவனுவதான். நெட்டுல தேடும்போது ஒம் பக்கத்தக் கீழ தள்ளுததுதான் அவனுக்கு மொத வேல" என்றார். நான் முகத்தை மாற்றாமல், "காப்பி குடிக்கியளா அண்ணாச்சி" என்று கேட்டேன். அவர் குடிக்கவில்லை. அவர் போன பிறகு உனக்குப் போன் பண்ணினேன். "ஆமாம்மா" என்றாய். போனை வைத்துவிட்டேன்.

ஆத்திரம் அடங்கிய பிறகு எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அடங்காது என்று தெரிந்ததால் இப்போதே எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. நம் பக்கத்திலேயே போடப் போகிறேன். அருவியில் தண்ணீர் எப்படி என்று பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் படிக்கட்டும். கம்பெனியில் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனும் படிக்கட்டும்.

அந்தப் பக்கம் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதிதான் தெரியும். உன் அப்பா சீசன் மூன்று மாதமும் அருவிக்கரையில் ஊரான் உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பார். மற்ற மாதங்களில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுவார். அதில் மிச்சம் பிடித்துக் கட்டியதுதான் வீட்டுக்குப் பக்கத்து நாலு ரூம். கட்டினால் போதுமா, ஆள் வர வேண்டுமே. லாட்ஜ்காரர்களுக்கு போர்டு இருக்கிறது, புரோக்கர் இருக்கிறான். நமக்கு நான்தான் இருந்தேன். சாரல் விழும் நாட்களில் பஸ் ஸ்டாண்டில் நின்று, இறங்குகிறவர்களிடம் "ரூம் வேணுமா, ரூம் வேணுமா" என்று கேட்பேன். ஒரு பெண் தனியாக நின்று முன்பின் தெரியாத ஆண்களிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நீ ஸ்கூலில் இருந்தாய். காய்கறி வாங்கப் போனேன் என்று சொல்லிவிடுவேன். ஒருநாள் கண்ணாடி போட்ட ஒருவன், கூட வந்தவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "ரூம் மட்டும்தானா?" என்று கேட்டான். பக்கத்து டீக்கடையில் லாட்ஜ் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். நான் யார் பெண்டாட்டி என்று அவருக்கு நன்றாகத் தெரியும். "கேட்டுப் பாருங்க சார், நாலே ரூம்புதான், ஆனா வசதி ஜாஸ்தி" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு இரண்டு ரூம் காலியாக இருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அவர் சிரித்ததைவிட நான் சிரித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் பழி வாங்குவது அவரைத்தான்.

இந்த இரண்டு சீசனாக நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கவில்லை. பக்கத்தைப் பார்த்துவிட்டு ஆட்கள் போன் பண்ணி வருகிறார்கள். பக்கம் கீழே போனால் நான் திரும்பவும் அங்கே போய் நிற்க வேண்டும். நீ ஏதோ ஒரு வெப்சைட்டைத் தள்ளப் போகிறாய் என்று நினைத்துக்கொள்ளாதே.

நீ காலேஜில் சேர்ந்த வருடம் என் போனில் அந்தப் பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்தாய். நான் தினமும் ஆறு மணிக்கு முன்னால் மெயின் அருவிக்கு நடந்து போய், ஐந்தருவிவரை ஆட்டோவில் போய்ப் பார்த்துவிட்டு, பார்த்ததை எழுதுவேன். மெயின் அருவிக்கு முன்னால் இருக்கும் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது, பக்கத்தில் போகாதீர்கள். ஐந்தருவியில் மூன்றில்தான் தண்ணீர், மற்ற இரண்டும் வெறும் பாறை. பெண்கள் பக்கம் பாசி பிடித்திருக்கிறது, கம்பியை விடாதீர்கள். தண்ணீர் தலையில் விழுந்தால் கணக்கு வாத்தியார் குட்டினது மாதிரி இருக்கும். இப்படித்தான். ஒருநாள்கூடப் பார்க்காமல் எழுதியதில்லை. தலைப்பு எல்லா நாளும் ஒன்றுதான்: "இன்று தண்ணி". ஆட்டோக்காரர்களும் எண்ணெய் தேய்க்கிறவர்களும் காலையில் அதைப் பார்ப்பார்கள். அவர்களில் இரண்டு பேர் நம் வீட்டுக்கு ஆள் கொண்டுவந்து விடுவார்கள். எனக்கு அது போதும் என்று இருந்தது. நீதான் விடவில்லை.

"எம்மா, எந்த ஊர்ல தண்ணி?"

"இதென்னல கேள்வி. அருவி இங்கனதான இருக்கு."

"அது ஒனக்குத் தெரியும். மதுரைல இருக்கவனுக்கு?"

"வேணுங்கவன் தேடி வருவான்."

"தேடத்தான்மா செய்தான். அவன் தேடுத வார்த்த ஒன்கிட்ட இல்ல."

இரண்டு வருடம் எழுதிய பக்கத்தில் ஒரு இடத்தில்கூடக் குற்றாலம் என்ற பெயர் கிடையாது. நம் ஊர்க்காரன் எவன் சொல்வான் அந்தப் பெயரை? அருவிக்குப் போறேன் என்போம், அருவிக்குப் போய்ட்டு வாறேன் என்போம். உலகத்தில் அருவி என்றால் இதுதான் என்ற நினைப்பு. நீ சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை. தலைப்பில் ஊரை வை, ஆள் எப்படிக் கேட்பானோ அப்படி எழுது, போட்டோவைச் சின்னதாக்கு என்று நீ சொல்லச் சொல்ல, "உள்ளத எழுதினாப் போதும், மினுக்க வேண்டாம்" என்று மறுத்துக்கொண்டே இருந்தேன். ஏன் என்று இப்போது சொல்கிறேன். தேடுகிறவன் கண்ணில் படுகிற மாதிரி வார்த்தைகளைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்துவது, பஸ் ஸ்டாண்டில் நின்று மறுபடியும் ஆளைக் கூப்பிடுவதுபோல எனக்கு இருந்தது. அதைத்தான் கொள்கை என்று உன்னிடம் பேசினேன். கொள்கை இல்லை, அவமானம்.

அந்தப் பிடிவாதத்துக்கான கூலி சீக்கிரமே கிடைத்தது. அந்த வருடம் சீசன் நடுவில் ரூம்கள் காலியாகிவிட்டன. உன் சித்திக்கு உடம்பு சரியில்லை என்று நான் இலஞ்சிக்குப் போய்வந்த நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். சித்தி நன்றாகத்தான் இருந்தாள். நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே இறங்கிய ஒரு குடும்பத்தில் ஒருவர் போனைப் பார்த்து உரக்கப் படித்தார்: "தண்ணீர் தலையில் விழுந்தால் கணக்கு வாத்தியார் குட்டினது மாதிரி இருக்கும்." எட்டிப் பார்த்தேன். லாட்ஜ் அண்ணாச்சியின் புதுப் பக்கம். என் எழுத்து வரிக்கு வரி அப்படியே இருந்தது. தலைப்பில் மட்டும் குற்றாலம் மூன்று தடவை, அருவி நான்கு தடவை, ரூம் இரண்டு தடவை. நான் "தடை, யாரும் வர வேண்டாம்" என்று எழுதியிருந்த நாளில் அங்கே "குளிக்க அனுமதி உண்டு, ரூம்களுக்கு முந்துங்கள்" என்று இருந்தது. நேரே லாட்ஜுக்குப் போய்க் கேட்டேன்.

"அருவி ஊருக்குப் பொது. ஒன் வீட்டுக் கொழாயாட்டி?"

"எழுத்து என்னோடது அண்ணாச்சி."

"எழுத்து எல்லார்ட்டயும் கெடக்கு. தேடும்போது மேல எவன் நிக்கான்னுதான் பாக்கணும். மேல நிக்கவன் சொல்லுததுதான் சேதி."

அன்றைக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை. ஆனால் அது வந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. அவர் லாட்ஜ் மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, மூன்று மாடி உயரத்திலிருந்து நம் பின்சுவரில் வழிந்து, மஞ்சணத்தி மரத்தடியில் விழும். சுவரில் பூச்சு போய்விட்டது. மோட்டாரை நேரத்துக்கு நிறுத்தச் சொல்லி மூன்று தடவை கேட்டதற்கு, "தண்ணி கீழதான் விழும், மேலயா போவும்" என்றார். அவர் எடுத்துப் போடட்டும் என்றே அந்தத் தண்ணீரை மறுநாள் நம் பக்கத்தில் எழுதினேன். "மஞ்சணத்தி அருவி. சின்ன அருவிதான். மலையில் மழை பெய்யாவிட்டாலும் தண்ணீர் விழும். கூட்டமே கிடையாது." அடுத்த நாள் அவர் பக்கத்தில் அது வந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் தங்கள் பங்குக்கு ஜோடித்திருந்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மறைந்திருக்கும் மூலிகை அதிசயம், மஞ்சணத்தி வேர்களுக்குள் ஊறி வரும் நீர், தோல் நோய்கள் தீரும், எங்கள் லாட்ஜிலிருந்து நடக்கும் தூரம். உன் அப்பாவுக்கு மட்டும் காட்டினேன். எண்ணெய்க் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நடக்குத தூரம்னு மட்டும் சரியாப் போட்டிருக்கான் பாரு" என்றார். லாட்ஜ் ரிசப்ஷனில் ஆட்கள் வழி கேட்டு, அங்கே இருக்கிறவன் "அங்கன ஆனை எறங்கியிருக்கு சார், இன்னைக்கு விடமாட்டாவ" என்று தினமும் ஒரு பொய் சொல்லித் திணறுவதைப் பின்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். பத்து நாள் அது எனக்குச் சாப்பாடு மாதிரி இருந்தது.

பதினோராம் நாள் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். லாட்ஜில் தங்க அவர்களுக்கு வசதி இல்லை. ஒரு ஆட்டோக்காரர் நம் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அந்தப் பெண் நூலுக்குச் சாயம் போடுகிற இடத்தில் வேலை பார்க்கிறவள். இரண்டு கையிலும் முழங்கைவரை பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகி இருந்தது. கையுறை கேட்டதற்கு, வேலையை விட்டு நின்றுகொள் என்றார்களாம். அவள் கணவன் போனை என்னிடம் நீட்டி, "இந்த மஞ்சணத்தி அருவி எங்கக்கா இருக்கு? லாட்ஜுல கேட்டா ஆனைங்கிறாங்க" என்றான். முதல் இரண்டு வரி என்னுடையது. அடுத்த வரியில் அவளுடைய நோய் இருந்தது. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த வருசம் அதுல தண்ணி இல்லம்மா" என்றேன். அந்தப் பெண், "பரவால்லக்கா. விழுகிற எடத்த மட்டும் காட்டுங்க, கையக் கொஞ்ச நேரம் வச்சிட்டுப் போறேன்" என்றாள். ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் தண்ணீரைப் பார்க்காமல் சுற்றிலும் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சணத்தி மரத்தைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவர்கள் பேரைக் கேட்டேனே தவிர போன் நம்பர் வாங்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர்கள் பஸ் ஏறின பிறகு உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஆறுதலாக ஏதாவது சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். "அவன் சொல்லுத பொய்ய நீதாம்மா எழுதிக் குடுத்திருக்க" என்றாய். உன்னை அறைந்தேன். இருபது வயதுப் பையனை, ஆட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அறைந்தேன். அந்த அறைக்கு இன்றுவரை நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். அண்ணாச்சியை அறைய முடியாததால் உன்னை அறைந்தேன். ஏமாந்தது அவரில்லை, அந்தப் பெண். மேலே நிற்பவனைப் பார்த்து எறிகிற கல் எப்போதும் நம் மாதிரி ஆட்கள் தலையில்தான் விழுகிறது. அதற்காக எறியாமல் இருக்கச் சொல்லவில்லை. சரியாகக் குறி பார்க்க நீதான் சொல்லிக்கொடுத்தாய்.

மறுநாள் காலை கன்னம் வீங்கியிருக்க நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். "அந்தக்கா திரும்பவும் தேடுவாங்கம்மா. தேடுனா மொதல்ல யாரு நிக்கணும்?" என்று கேட்டாய். அந்த ஒரு கேள்வியில் என் பிடிவாதம் போய்விட்டது. தலைப்பை அவளும் அவள் கணவனும் கேட்ட மாதிரியே வைத்தோம்: "குற்றாலம் மஞ்சணத்தி அருவி எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?" முதல் வரியிலேயே பதில்: "அப்படி ஓர் அருவி இல்லை. அது நான் சொன்ன பொய்." அதற்குக் கீழே தொட்டி வழிகிற போட்டோ. புண்ணுக்கு அருவி மருந்தில்லை, தென்காசியில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படிப் போக வேண்டும் என்று இரண்டு வரி. "படத்தச் சின்னதாக்கும்மா, பஸ்ல வாறவங்களுக்கு சிக்னல் விட்டு விட்டுத்தான் கெடைக்கும்" என்றாய். பழைய நிலவரங்கள் அத்தனைக்கும் உட்கார்ந்து ஊர்ப் பெயரும் அருவிப் பெயரும் சேர்த்தோம். நான் எழுதினதில் ஒரு வரிகூட நீ மாற்றவில்லை. வாசலை மட்டும் ரோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்தாய். சில வாரங்களில் அந்த அருவியை யார் தேடினாலும் முதலில் நாம் நின்றோம். பிறகு மற்ற அருவிகளுக்கும் நாம் நின்றோம். லாட்ஜ் ரிசப்ஷனில் ஆட்கள் தொட்டி போட்டோவைக் காட்டிச் சத்தம் போட்டதை நான் பின்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அந்தச் சந்தோஷத்தில் யாருடைய புண்ணும் இல்லை.

அதனால் உள்ளதை எழுதினால் போதுமா, தேடுகிறவன் கண்ணில் படுகிற வித்தையும் வேண்டுமா என்று உன் கம்பெனியில் யாராவது பேசினால், உன் அம்மாவுக்கு இரண்டு பக்கத்திலும் அடிபட்ட அனுபவம் உண்டு என்று சொல். நான் உள்ளதை மட்டும் எழுதினேன், என் எழுத்தை வைத்தே இன்னொருவன் என் ரூம்களைக் காலி பண்ணினான். அண்ணாச்சி வித்தையை மட்டும் வாங்கினார், இல்லாத அருவியை விற்று மாட்டிக்கொண்டார். நல்லவன் வாயை மூடிக்கொண்டு மூலையில் இருந்தால் கண்டுபிடித்து வந்து மாலை போடுவார்கள் என்று யாரும் இனி எனக்குச் சொல்ல வேண்டாம். அது மேலே இருப்பவர்களுக்கு வசதியான பேச்சு. உண்மை தெரிந்தவன்தான் முதலில் இந்த வித்தையைக் கற்க வேண்டும். பொய்க்காரன் ஏற்கெனவே கற்றுவிட்டான்.

நீ வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் வேண்டும், ஊரை விட்டுப் போய்ப் பார்க்கவும் வேண்டும், எனக்குத் தெரியும். உன் வயதில் நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ரூம் கழுவினேன். என் பக்கத்தைத் தள்ளச் சொன்னால் முடியாது என்று நீ சொல்வாயா, வாயை மூடிக்கொண்டு செய்வாயா என்பது உன் பாடு. செய்வதாக இருந்தால் நன்றாகச் செய். அரைகுறையாகச் செய்துவிட்டு அம்மாவுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளாதே. ஆனால் ஒன்று. என்னைத் தள்ள வேண்டுமென்றால் என் இடத்தில் நீ வேறு எதையாவது நிறுத்த வேண்டும். காலையில் எழுந்து போய் அருவியைப் பார்க்க அங்கே யார் இருக்கிறார்கள்? அண்ணாச்சி பார்ப்பாரா, சென்னையில் ஏசி ரூமில் உட்கார்ந்து நீ பார்ப்பாயா? இனிமேல் தலைப்பு நான் வைப்பேன். நீ சொல்லிக்கொடுத்ததை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், உனக்கு எதிராகவும் அது வேலை செய்யும். என்றாவது அந்த அருப்புக்கோட்டைப் பெண் தேடி, முதலில் மூலிகை அதிசயம் வந்து நின்றால், அதை நிறுத்தியது யார் என்று அவள் படிக்கிற மாதிரி இந்தப் பக்கத்தில் நான் பெயரோடு எழுதுவேன். என் மகன் என்றும் எழுதுவேன்.

போய்ச் சேர்ந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்க மறந்துவிட்டேன். முறுக்கு டப்பா பையின் அடியில் இருக்கிறது. மழை விட்டிருக்கிறது, இன்றைய நிலவரத்தைப் போட்டுவிட்டு முடிக்கிறேன்.

குற்றாலம் அருவிகளில் இன்று தண்ணீர் எப்படி? குளிக்கலாமா? மெயின் அருவியில் ஆர்ச்சுக்கு உள்ளேயே விழுகிறது, குளிக்கலாம். ஐந்தருவியில் ஐந்திலும் தண்ணீர், கூட்டம் அதிகம். பழைய குற்றாலத்தில் காலையில் தடை, மதியம் கேட்டுவிட்டு வாருங்கள். மஞ்சணத்தி அருவி என்று ஒன்று இல்லை. தொட்டி இன்றும் வழிகிறது.